வேப்பிலை முந்தியதா, நோய் முந்தியதா?

சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகிற வழியிலோ, திருத்தங்கல் பக்கத்துத் தெருக்களிலோ நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகிய வீட்டைக் கண்டால், ஊர்க்காரர் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கைமாற்றுக் கேட்க வந்தவர் பேசாமல் திரும்பிவிடுவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் கொடுத்துவிட்டு நகர்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அறிவிப்புப் பலகை அது. 'உள்ளே ஆத்தா இறங்கியிருக்கிறாள், விலகிப் போ' என்பது அதன் செய்தி.

மூச்சுவழி பரவும் வைரஸ் பற்றிய விழிப்புணர்வு என்றதும் 2020-ஆம் ஆண்டின் முகக்கவசமும் செல்போனில் ஒலித்த இருமலும்தான் நினைவுக்கு வருகின்றன. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. இந்தக் கரிசல் பூமி பல தலைமுறைகளாக அப்படிப்பட்ட நோய்களைப் பற்றித் தனக்குத்தானே எச்சரிக்கை சொல்லி வந்திருக்கிறது. சில முறை எச்சரிக்கை முந்தியது. பல முறை நோய் முந்தியது.

ஆத்தா இருக்கும் வீடு

தமிழர் 'அம்மை' என்று ஒரே சொல்லில் கட்டிவைத்த நோய்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, தாளம்மை என்கிற பொன்னுக்குவீங்கி. நான்கும் வைரஸ் நோய்கள். நான்கும் முதன்மையாக மூச்சுக்காற்றாலும் எச்சில் துளியாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுபவை. வைரஸ் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சமூகம் இவற்றை ஒரே குடும்பமாகப் பார்த்து, ஒரே ஒழுங்கை விதித்திருக்கிறது.

அந்த ஒழுங்கு கறாரானது. முத்து போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. வீட்டார் நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. நோயாளியின் துணி வெளுக்கப் போகாது. வேப்பிலைப் படுக்கை, கூழ், இளநீர், நுங்கு. முத்து இறங்கியபின் ஒற்றைப்படை நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அந்தத் தலைத்தண்ணீர் ஊற்றும்வரை வீடு பூட்டாமலே பூட்டப்பட்டிருக்கும். இன்றைய சுகாதாரத் துறை 'வீட்டுத் தனிமை' என்று சொல்வதைப் பக்தியின் மொழியில் சொன்ன ஏற்பாடு இது.

இதன் தலைமைக் கோயில்போல விளங்குவது, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தென்மாவட்டங்களே அங்கே திரளும். விருதுநகரில் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். அக்கினிச் சட்டி ஏந்துகிறவர்களும் கண்மலர் செலுத்துகிறவர்களும் இன்றும் உண்டு. கண்மலருக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. பெரியம்மையில் பிழைத்தவர்களில் பலர் பார்வையை இழந்தார்கள். பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய மூவரைக் கொண்டுபோகும் நோய் அது.

வேப்பிலை அந்த நோயைக் குணப்படுத்தியதில்லை. பரவலைக் குறைத்திருக்கலாம். அதற்குக் காரணம் பெரியம்மையின் போக்கிலேயே இருந்தது. அந்த வைரஸ் உடலுக்குள் புகுந்து பத்துப் பதினைந்து நாள் பதுங்கியிருக்கும். அப்போது பிறருக்குத் தொற்றாது. காய்ச்சல் அடித்து, வாயிலும் தோலிலும் புண் தோன்றுகிற கட்டத்தில்தான் வலுவாகத் தொற்றத் தொடங்கும். அதாவது, ஆத்தா கண்ணுக்குத் தெரிகிற நேரமும் நோய் பரவுகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. வாசலில் வேப்பிலை செருகினால் காலம் பெரிதும் தவறுவதில்லை.

தட்டம்மை அப்படியல்ல. உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் சளிபோலத் தும்மிக்கொண்டு திரிகிற பிள்ளையிடமிருந்து அது பரவிவிடும். சின்னம்மையும் கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முந்தித் தொற்றும். வேப்பிலை வாசலுக்கு வரும்போது தெருப்பிள்ளைகள் பாதிப்பேருக்குள் நோய் குடியேறியிருக்கும். இப்படி அடையாளத்துக்கு முந்திப் பரவும் இடைவெளியே பின்னால் வந்த கொள்ளைநோய்களிலும் எச்சரிக்கையைத் தோற்கடித்தது.

அம்மைப்பால்

முதல் தீர்வு வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் சோதித்துக் காட்டிய மாட்டம்மைத் தடுப்பு, 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. மக்கள் அதை 'அம்மைப்பால்' என்றார்கள். குத்துகிறவர் 'அம்மைகுத்துபவர்'.

ஊசியைவிட அதைப் பற்றிய பேச்சு முந்திப் போக வேண்டும் என்று அன்றைய அதிகாரிகளில் சிலருக்குத் தெரிந்திருந்தது. திருக்குறளுக்கு உரை எழுதியவராகத் தமிழர் அறிந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ் அவர்களில் ஒருவர். மாட்டம்மைத் தடுப்பை ஏற்கச் செய்ய அவர் ஒரு கதையையே ஆக்கினார். சக்திக்கும் தன்வந்தரிக்கும் நடக்கும் உரையாடல் அது. பசு மனிதருக்குத் தரும் கொடைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அம்மையைக் கொடுப்பவளின் வாயாலேயே அம்மையைத் தடுக்கும் வழியைச் சொல்ல வைப்பது அவருடைய உத்தி. பொய்க்கதைதான். ஆனாலும், கேட்கிறவரின் நம்பிக்கையைத் தாக்காமல் அதற்குள் புகுந்து பேச வேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். அந்த எல்லிஸ் 1819-இல் இறந்தது ராமநாதபுரத்தில். பிற்காலத்தில் விருதுநகரும் சிவகாசியும் சேர்ந்திருந்தது அதே ராமநாதபுரம் பெயர் கொண்ட மாவட்டத்தில்தான்.

நூறாண்டு கழித்தும் பேச்சு முழுதாக வெற்றிபெறவில்லை. சென்னை கிண்டியில் கிங் நிறுவனம் கன்றுகளின் தோலிலிருந்து அம்மைப்பால் தயாரித்து மாகாணம் முழுவதும் அனுப்பியது. திரவ நிலையில் இருந்த அந்த மருந்து வெயில் பட்டால் வீரியம் இழக்கும். கரிசல் காட்டுக் கோடையில் அது கிராமம் சேரும்போது எவ்வளவு உயிரோடு இருந்திருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. குத்திய இடம் புண்ணாகிப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும். பிறகு அம்மையும் வந்துவிட்டால், ஊர் ஊசியைத்தான் பழிக்கும். அம்மைகுத்துபவர் வருகிறார் என்றதும் தாய்மார் பிள்ளைகளை ஒளித்து வைத்த கதைகளை மூத்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் மேல்கையில் இருக்கும் வட்டத் தழும்புதான் அந்தக் காலத்தின் சான்றிதழ்.

1960-களில் இரண்டு விஷயங்கள் மாறின. உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்து வந்தது. அது வெயிலைத் தாங்கியது. இரண்டாவது, கேள்வியே மாறியது. எல்லோருக்கும் குத்துவதைவிட, நோய் வந்த வீட்டை முதலில் கண்டுபிடித்து அதைச் சுற்றிக் குத்தினால் போதாதா என்ற எண்ணம் வலுப்பெற்றது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ.ஆர். ராவ், நகரின் பெரியம்மை வீடுகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த, தடுப்பு போடாதவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அம்மை கண்டது. ஊர் பயந்த அளவு வேகமாக அது பரவவில்லை. கண்டுபிடித்துச் சுற்றி வளைத்தால் நிறுத்திவிடலாம். தமிழ்நாட்டில் பெரியம்மை 1960-களின் இறுதியிலேயே அடங்கத் தொடங்கியது இந்த வழியில்தான்.

கண்டுபிடிக்க ஊர் உதவ வேண்டும். அதற்காக நாடு முழுவதும் களப்பணியாளர்கள் கையில் ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. அதில் அம்மை முத்துகள் நிறைந்த ஒரு குழந்தையின் வண்ணப்படம். 'இப்படி யாருக்காவது இருக்கிறதா?' என்று சந்தையிலும் பள்ளியிலும் காட்டிக் கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பணப் பரிசு உண்டு. நோய் குறையக் குறையப் பரிசு ஏறி, 1975-இல் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு மே மாதம் அசாமில் கடைசி நோயாளி. 1977-இல் இந்தியா பெரியம்மை அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. வேப்பிலை சொன்ன அதே செய்தியை அட்டை வேறு திசையில் சொன்னது. 'விலகிப் போ' என்பதோடு 'எங்களுக்குச் சொல்' என்பதும் சேர்ந்தது.

தோலில் தெரியாத நோய்

இடையில் வந்த ஒரு நோய் தோலில் எந்த அடையாளத்தையும் வைக்கவில்லை. அதனால் எந்த வாசலிலும் வேப்பிலையும் ஏறவில்லை.

1918 கோடையில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்ஃபுளுயன்சா, செப்டம்பரில் கொடிய வடிவெடுத்து ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் ஓடியது. மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர் வழியே தூத்துக்குடி போகும் பாதை அப்போது நாற்பது ஆண்டு பழையது. பருத்தியும் மிளகாய் வற்றலும் ஏறி இறங்கும் சந்தைநகரங்கள் அவை. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறி, செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் அந்தக் கலவரம் பரவியது. பட்டினி வயிற்றில் வந்து உட்கார்ந்தது விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடிப் பேர்வரை இறந்ததாக வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முந்தைய பத்தாண்டைவிட எண்ணிக்கை குறைந்த ஒரே கணக்கு 1921-இல் எடுத்தது.

எச்சரிக்க யார் இருந்தார்கள்? தண்டோரா போடும் வெட்டியான், கிராம முன்சீப், நகரசபை ஒட்டிய தாள். கூட்டத்தைத் தவிர், காற்றோட்டமாக இரு, படுத்து ஓய்வெடு என்பதுதான் அன்றைய மருத்துவம் சொல்லக்கூடிய அதிகபட்சம். உண்மையில் அது தவறான அறிவுரையும் அல்ல. ஆனால் கூலிக்குப் போனால்தான் கஞ்சி என்ற வீட்டில், மழையில்லாத ஆண்டில், படுத்து ஓய்வெடு என்பதை யார் கேட்பார்? செய்தி போய்ச் சேர்ந்தாலும் அதன்படி நடக்க வழி இல்லாத நிலைமை அன்று முதன்முதலாகப் பெரிய அளவில் தெரிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அது மறுபடியும் வரும்.

இந்த வறட்சி வேறொரு கதையையும் தொடங்கியது. விளைச்சலை நம்பிப் பிழைக்க முடியாத சிவகாசியிலிருந்து 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். 1923-இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியின் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டின் பின்னாலும் அச்சுத் தொழில் வந்தது.

தொற்றுநோயைத் தடுக்க அரசும் தன் பங்குக்குச் சட்டம் ஆக்கியது. 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோயை அறிவிக்கும் கடமையையும், நோயுள்ளவர் பொது இடத்துக்கு வந்து பிறருக்குப் பரப்பக் கூடாது என்ற விதியையும் எழுத்தில் கொண்டுவந்தது. வேப்பிலை வழக்கத்துக்குச் சட்ட வடிவம் என்றே அதைச் சொல்லலாம். 1957 மே மாதத்தில் அடுத்த சோதனை வந்தது. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் 'ஆசிய ஃபுளூ' வந்திறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அந்த வைரஸைப் பிரித்து ஆராய்ந்தது. சில வாரங்களுக்குள் அது நாடு முழுவதும் பரவி, 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. இறப்பு 1,100 அளவில் நின்றதால் அந்த ஆண்டை ஊர் மறந்துவிட்டது.

தீப்பெட்டியும் காலண்டரும்

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். வெளியூரில் அச்சடித்து வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. அந்தத் தேவையிலிருந்து சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் முளைத்தன. பிறகு ஆஃப்செட் வந்தது. வறண்ட காற்றில் தீக்குச்சி நமுத்துப் போகாது, காகிதமும் விறைப்பாக நிற்கும், மையும் சீக்கிரம் உலரும். மூன்று தொழில்களும் அடித்தளமிட்ட ஊரைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாகச் சொல்வது ஊரின் பெருமை.

இந்த ஊரின் அச்சு இந்தியாவின் வீட்டுச் சுவர்களுக்குப் போனது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் லட்சுமியும் மாரியம்மனும் சிவகாசிக் காலண்டர்களில் ஏறி லட்சக்கணக்கான வீடுகளில் ஆணியில் தொங்கினார்கள். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுகிற பெண் கும்பிட்ட அம்மன் முகம் பல வீடுகளில் சிவகாசியில் அச்சான முகம்தான்.

ஒரு செய்தியை மூலை முடுக்கெல்லாம் கொண்டுசேர்க்க வேண்டுமென்றால் தீப்பெட்டியைவிட நல்ல வாகனம் அன்று கிடையாது. அடுப்படியிலும் டீக்கடையிலும் சட்டைப்பையிலும் இருக்கும். கையால் தொட்டுத் திருப்பிப் பார்க்காமல் குச்சி உரச முடியாது. 1960-களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான சிவப்பு முக்கோணம் தீப்பெட்டி மேலும் ஏறியது அதனால்தான். பேச வாய் கூசிய ஒரு விஷயத்தை, படிக்கத் தெரியாதவரும் அறியும் ஓர் அடையாளமாகச் சுருக்கிவிட்டார்கள். வேப்பிலையின் சாமர்த்தியம் அதிலும் இருந்தது.

நோட்டீஸும் சுவரொட்டியும் அட்டையும் அச்சாகிற ஊர் என்பதால் அதன் மக்கள் எச்சரிக்கையை எளிதில் ஏற்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற ஊருக்கு, அச்சடித்த தாளின் மதிப்பும் தெரியும், அது குப்பைக்குப் போகிற வேகமும் தெரியும்.

அறைக்கு நான்கு பேர்

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதி செய்யப்பட்டார். மார்ச் 25-இல் பக்கத்து மதுரையில் மாநிலத்தின் முதல் இறப்பு. அதே நாள் நாடு தழுவிய ஊரடங்கு. 'விழித்திரு, விலகியிரு, வீட்டிலேயே இரு' என்ற அரசின் வாசகம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் தெருத்தெருவாகப் போனது. யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் சத்தம் கேட்டது. கிராமங்களில் தண்டோரா திரும்பி வந்தது. செய்தி சொல்லத் தொலைக்காட்சி இருக்கிறது, ஆனால் ஊர்ச்செய்தி என்று காதில் ஏற வேண்டுமானால் தெருவில் பறை ஒலிக்க வேண்டும்.

வேப்பிலையும் திரும்பியது. மாநிலம் முழுவதும் தெருமுனைகளில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வாசல்தோறும் வேப்பங்கொத்து கட்டினார்கள். நோய் உள்ள வீட்டைக் காட்டும் அடையாளம் நோயே இல்லாத வீடுகளிலும் ஏறியபோது அது தன் பழைய பொருளை இழந்தது. வருமுன் காக்கும் காப்பாக மாறிவிட்டது. கொரோனாவும் தட்டம்மை ரகம்தான். காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவும். அறிகுறியே காட்டாதவரிடமிருந்தும் பரவும். இந்த முறை எச்சரிக்கையை ஆரோக்கியமாக இருப்பவர் கேட்டாக வேண்டியிருந்தது. அதுதான் கடினம்.

பட்டாசு வட்டாரத்துக்கு 'விலகியிரு' என்பது அந்நியமான சொல் அல்ல. வெடிபொருள் விதிகளின்படி தயாரிப்பு அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். ஓர் அறையில் பொறி பட்டால் பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது என்பது கணக்கு. நோய்த்தொற்றியல் நிபுணர்கள் சொன்ன இடைவெளியும் அதே கணக்குதான். மருந்து கலக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளவும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதி தெரிந்திருப்பது வேறு, கடைப்பிடிக்க முடிவது வேறு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். சீசன் நெருக்கடியில் ஆள் கூடுவதும், மர நிழலில் வைத்து வேலை பார்ப்பதும் இங்கே விபத்துக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பேசப்படும் குற்றங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் வருமானம். வைரஸ் வந்தபோதும் அப்படித்தான். பயர் ஆபீஸ் என்று ஊர் சொல்லும் பட்டாசு ஆலையின் அறைக்குள் நால்வர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் விடியற்காலையில் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றி வரும் பஸ்ஸிலும் வேனிலும் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை இல்லாவிட்டால் அடுத்த வாரச் சம்பளம் இல்லை. 1918-இன் பிரச்சினை அப்படியே அங்கே நின்றது.

ஆனாலும் 1918-க்கும் 2020-க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரேஷன் கடை இருந்தது. குடும்ப அட்டைக்கு அரிசியும் ஆயிரம் ரூபாயும் வந்தன. வீட்டிலிரு என்று சொன்ன அரசு, இருப்பதற்கு ஓரளவாவது வழி செய்தது. அந்த ஆண்டு விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கும் இருக்கன்குடி ஆடி வெள்ளிக்கும் கூட்டம் கூடவில்லை. அம்மைக்கு வேண்டிக்கொள்ளும் கோயிலே ஒரு தொற்றுநோய்க்காக நடை சாத்தியிருந்தது. செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டது. முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று 1939-இன் சட்டம் புதுப் பல் முளைத்துத் தெருவுக்கு வந்தது.

புகைக்கு வந்த தடை

அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14. இந்தியாவின் பட்டாசில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் தயாராகும் வட்டாரம், ஊரடங்கில் இழந்த வாரங்களை ஈடுகட்டிச் சரக்கை வடக்கே அனுப்பியிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் ராஜஸ்தான் பட்டாசுக்குத் தடை அறிவித்தது. ஒடிசா, டெல்லி, மேற்கு வங்கம் என்று வரிசையாகத் தடை நீண்டது. நவம்பர் 9-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்துக்கு முழுத் தடை விதித்தது. காரணம், புகை கொரோனா நோயாளிகளின் நுரையீரலை மேலும் கெடுக்கும் என்பது.

மூச்சுவழி நோய் பற்றிய விழிப்புணர்வு சிவகாசியின் சோற்றுப்பானையைத் தொட்ட தருணம் அது. அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ராஜஸ்தான், ஒடிசா முதல்வர்களுக்கு மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் எழுதினார். நேரடியாகவும் மறைமுகமாகவும் எட்டு லட்சம் பேர் இதை நம்பியிருப்பதாகத் தொழில் துறையினர் சொன்னார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த அடியிலிருந்தே ஊர் முழுதாக எழுந்திருக்கவில்லை. தீபாவளிக்குப் பிறகுதான் விற்ற காசு ஊர் திரும்பும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். தடை வந்த ஊர்களில் சரக்கு கிடங்கிலேயே தங்கியது.

மருத்துவர்கள் சொன்னதும் உண்மை. குளிர்காலத் தலைநகரின் காற்றில் புகை ஏற இடமில்லை. தொழிலாளி சொன்னதும் உண்மை. தடையை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் தயாரித்திருக்க மாட்டார். இங்கேயும் எச்சரிக்கை பிந்தியது. பண்டிகைக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது வந்த தடை, வாங்குகிறவரின் நுரையீரலைக் காத்திருக்கலாம். செய்தவரின் கூலியைக் காக்க அதற்குக் காலமில்லை.

புதன்கிழமை

தடுப்பூசி வந்தபிறகு எல்லிஸ் காலத்துப் பிரச்சினையும் சேர்ந்து வந்தது. ஊசியைவிட வதந்தி வேகமாகப் போகும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதே வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களால் பெற்றோர் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சென்னை அரசு மருத்துவமனையில் கேமரா முன் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17-இல் மாரடைப்பால் இறந்தார். அவர் கோவில்பட்டியில் பிறந்தவர். இந்த வட்டாரம் தன் பிள்ளையாக நினைக்கும் மனிதர். இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. வதந்திக்கு அந்த ஆறு மாதம் தாராளம்.

தயக்கத்தை உடைத்தது எந்தச் சுவரொட்டியும் அல்ல, நேரம்தான். 2021 செப்டம்பர் 12-இல் மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தினார்கள். கூலி போகாத நாள், நடந்துபோகிற தூரம், தெரிந்த கிராம செவிலியர். ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். வாரநாளில் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு வா என்றபோது கேட்காத காது, ஊர் மந்தையில் ஞாயிற்றுக்கிழமை என்றபோது கேட்டது.

வேப்பிலை வழக்கம் இந்தத் தெருக்களை விட்டுப் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. நோய் கண்ட வீட்டை ஊர் விலகி மதிப்பது நல்லதே. ஆனால் தட்டம்மைக்கு அந்தக் கொத்து நான்கு நாள் பிந்தித்தான் வரும். அதை முந்தக்கூடியது ஒன்றே. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி. பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் இலவசம். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அடுத்த தெருவில் வேப்பிலை செருகிய வீட்டைப் பார்த்தால் உள்ளே போக வேண்டாம். நேரே உங்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, இரண்டாம் தவணைக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.